சோலார் பேனலுக்கு முன்னால் மண்ணையும் தண்ணியையும் அளந்தோம்: ஐந்து மாத அனுபவம்

போன வாரம்தான் கடைசி விவசாயியின் தாளை அனுப்பி முடித்தோம். ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த பேஸ்லைன் கணக்கெடுப்பு, அதாவது திட்டம் தொடங்குவதற்கு முன் இருக்கிற நிலையை அளந்து பதிவது, ஐந்து மாதம் இழுத்தது. இதே வேலையில் இறங்கப் போகிற குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. எங்களுக்கு ஆன வீண் அலைச்சல் அவர்களுக்காவது மிச்சமாகட்டும் என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தாராபுரம் பக்கம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் நான் களப் பொறுப்பாளர். 32 விவசாயிகளை மண்வளம் மீட்கும் சாகுபடிக்குக் கொண்டுவருவது, அதாவது மூடாக்கு (இலை, மட்டை போட்டு மண்ணை மூடுவது), பலதானிய விதைப்பு, உழவைக் குறைப்பது. அதே 32 பேருக்கு சோலார் பம்ப்செட்டும் சாண எரிவாயுக் கலனும் போட்டுக் கொடுப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு அறக்கட்டளை முன்வந்தது. பணம் வருவதற்கு முன் இன்றைய நிலையை அளந்து கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டம் போட்டது, பெயர் எழுதியது, ஒப்புதல் கையெழுத்து வாங்கியது எல்லாம் இரண்டே நாள். மண்வெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் சிக்கல்.

முதல் தடவை எடுத்த 32 மண் மாதிரியும் வீணாகிப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை. மண் எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரப்போரம், மரத்தடி, எருக்குமி எல்லாம் விட்டுவிட்டு, வளைந்து வளைந்து நடந்து, 'வி' வடிவத்தில் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்துக் கழித்து அரைக் கிலோ. பசங்க இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். 70 கிலோமீட்டர் வண்டி ஓட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை வாங்க முடியாது, எடுத்துட்டுப் போங்க" என்றார். ஏன் என்று கேட்டால், "சீட்டைப் பாருங்க" என்பதோடு சரி. ஈர மண்ணோடு சீட்டையும் பைக்குள் போட்டதில் மை கரைந்து பாதி எழுத்து போயிருந்தது. சர்வே எண் இருந்த சீட்டுகளில் உட்பிரிவு எண் இல்லை. அதை உட்கார்ந்து எழுதித் தருகிறோம் என்று கெஞ்சி ஒன்றரை மணி நேரம் நின்றோம். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

டீ குடிக்க வெளியே வந்த ஆய்வகப் பெண் ஒருவர்தான் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுல வெச்சு கலந்தீங்கண்ணா?" என்று கேட்டார். காலி யூரியா சாக்கை விரித்து அதன்மேல் போட்டுக் கலந்தோம் என்றேன். "அப்படின்னா எழுதிக் குடுத்தாலும் பிரயோஜனம் இல்லைங்கண்ணா, தழைச்சத்து எல்லாம் தப்பா காட்டும்" என்றார். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் சொன்னதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். உரச் சாக்கு கிட்டேயே வரக்கூடாது. சுத்தமான துணியிலோ புதுப் பிளாஸ்டிக் தாளிலோ கலக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பென்சிலில் எழுதிய சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பென்சில் எழுத்து ஈரத்தில் கரையாது.

திரும்பி வந்து அறக்கட்டளையின் மண் நிபுணரிடம் போனில் சொன்னபோது இன்னொரு இடி. நாங்கள் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்திருந்தோம். உரப் பரிந்துரைக்கு அது போதும். மண்ணில் கார்பன் ஏறுகிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க 30 செ.மீ. வேண்டுமாம். ஆய்வகம் தருகிற சதவீதம் மட்டும் போதாது, மண்ணின் அடர்த்தியும் வேண்டும் என்றார். முதலில் இது எனக்குத் தேவையில்லாத தொந்தரவாகத்தான் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. ஒரு ஹெக்டேர், 30 செ.மீ. ஆழம் என்றால் 3,000 கனமீட்டர் மண். ஒரு கனமீட்டர் 1.5 டன் எடை, கரிமக் கார்பன் 0.4 சதவீதம் என்று வைத்தால் 18 டன் கார்பன். அதே 0.4 சதவீதம், ஆனால் புதிதாக உழுது பொலபொலவென்று கிடக்கிற மண், கனமீட்டருக்கு 1.3 டன் என்றால் 15.6 டன். ஒரு உழவிலேயே இரண்டரை டன் காணாமல் போனதுபோல் தாளில் தெரியும். எடை பார்க்காமல் எடுத்த பேஸ்லைன் மூன்று வருஷம் கழித்து யாருக்கும் உதவாது. ஜிஐ பைப்பை அளவாக அறுத்து, ஒரு முனையைக் கூராக்கி, மேலே கட்டை வைத்து அடித்து இறக்கி மண் எடுத்தோம். அந்த பைப்பின் உள்ளளவைத் துல்லியமாக எழுதி வையுங்கள், அதுதான் கணக்குக்கு ஆதாரம்.

இரண்டாவது சுற்றில் ஒரு தோட்டத்தில் மட்டும் கரிமக் கார்பன் 0.9 என்று வந்தது. சுற்றியுள்ள எல்லாம் 0.4, 0.5. எங்கள் ஊர் மண்ணில் 0.75 தாண்டினாலே அபூர்வம். சந்தோஷப்படுவதற்கு முன் அந்த விவசாயியிடம் கேட்டோம். மண் எடுத்ததற்கு முந்தின வாரம்தான் அந்தத் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தாராம். அதை அப்படியே எழுதியிருந்தால், அடுத்த ஆய்வில் அவர் மண் கெட்டுப் போனதாகக் காட்டும். பட்டி போட்டது, எரு கொட்டியது, உழுதது எல்லாவற்றுக்கும் தேதி கேட்டு எழுதிக்கொண்டு அப்புறம் மண்ணைத் தொடுங்கள்.

மண் கஷ்டம் உடம்புக் கஷ்டம்தான். கரண்ட் கணக்குதான் மனக் கஷ்டம். படிவத்தில் "மாத மின் நுகர்வு, யூனிட்" என்று ஒரு கட்டம். எங்கள் விவசாய இணைப்புகளில் மீட்டரே கிடையாது, இலவச மின்சாரம். படிவம் தயாரித்தவருக்கு இது தெரியாது. சரி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேட்டோம். "கரண்ட் இருக்கற நேரமெல்லாம் ஓடுமுங்க" என்றார்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார்கள், த்ரீ பேஸ் வந்தால் தானாக ஓடும், போனால் நிற்கும். எவருக்கும் மணிக்கணக்கு தெரியாது.

ஸ்டார்ட்டரில் ஹவர் மீட்டர் (மோட்டார் ஓடிய மணி நேரத்தை மட்டும் எண்ணுகிற சின்ன டப்பா) மாட்டலாம் என்று முடிவு செய்து எடுத்துக்கொண்டு போன அன்று மூன்று தோட்டத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீட்டர் என்ற சொல்லே போதும். பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: "தம்பி, இதைக் கொண்டுபோய் யாருகிட்டக் குடுப்பீங்க?" அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1970ல் பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையையே மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றை இந்தப் பெரியவரின் அண்ணன் ஓட்டிப் போயிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய் மோட்டாரில் ஒரு டப்பா மாட்டுகிறேன் என்றால் என்ன நினைப்பார்? இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அறக்கட்டளைக்காரர்களை நேரில் வரவழைத்து, பெயர் இல்லாமல் குறியீட்டு எண் மட்டுமே தாளில் போகும், இணைப்பு எண் எங்கேயும் வராது, டப்பாவை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தோம். அதற்கப்புறம் 32 பேரில் 27 பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு வற்புறுத்தவில்லை. மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் மணிக்கணக்கு கோடு போட்டால் போதும் என்றோம்.

ஒரு தோட்டத்தில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நேம் பிளேட்டில் 5 எச்.பி. மோட்டார் இரண்டு முறை வைண்டிங் கட்டியது. எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது 11 ஆம்பியர், 390 வோல்ட். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்தால் ஏறக்குறைய 5.9 கிலோவாட் இழுக்கிறது. தண்ணீர் விழும் இடத்தில் 200 லிட்டர் டிரம்மை வைத்தோம், நிறைய 80 விநாடி. மணிக்கு 9,000 லிட்டர். ஓடும்போது தண்ணீர் நிற்கும் ஆழம், பைப் உராய்வு எல்லாம் சேர்த்து 60 மீட்டர் ஏற்றம். இந்தத் தண்ணீரை இவ்வளவு உயரம் தூக்க உண்மையில் தேவைப்படுவது ஒன்றரை கிலோவாட்டுக்கும் குறைவு. நாலில் மூன்று பங்கு மின்சாரம் தேய்ந்த பம்பிலும் மோட்டார் சூட்டிலும் போய்க்கொண்டிருந்தது.

இது தெரியாமல் நேம் பிளேட்டை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் 5 எச்.பி. சோலார் செட், 5 கிலோவாட் பேனல் என்று போயிருக்கும். பம்பை மாற்றி, தென்னைக்கு மூடாக்கும் போட்டால் அந்தத் தோட்டத்துக்கு 3 எச்.பி. போதும் என்று கணக்கு வந்தது. தேவைக்கு மேல் பேனல் போட்டால் பணம் மட்டும் போகாது. வெயில் அடிக்கிற நேரமெல்லாம் சும்மா ஓடி, போர்வெல்லில் இருக்கிற தண்ணியையும் இழுத்துவிடும். மூடாக்கினால் மிச்சமாகிற தண்ணீரைப் பேனல் வாரிக்கொண்டு போவதற்கா இவ்வளவு பாடுபடுகிறோம்? மண், தண்ணீர், கரண்ட் மூன்றும் ஒரே தோட்டத்துக்கு, ஒரே தாளில், ஒரே பருவத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். முதலில் வந்த படிவத்தில் மண்ணுக்கு ஒரு சர்வே எண், மோட்டாருக்கு வேறு சர்வே எண் இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம்.

தண்ணீர் மட்டத்தை முதல் சுற்றில் காலை 11 மணிக்குப் பார்த்தோம். மோட்டார் ஓடி நின்ற நேரம். மறுநாள் விடியற்காலை அதே போரில் பார்த்தால் 40 அடி வித்தியாசம். இரவு முழுக்க மோட்டார் நிற்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் நிற்க வேண்டும். அதற்குப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கயிற்றில் கல் கட்டி இறக்கினால் போரில் கேபிளோடு சிக்கிக்கொள்ளும். ஒரு தடவை சிக்கி, எடுக்க அரை நாள் ஆனது. இரட்டை ஒயரை அடையாளம் போட்டு இறக்கி, நுனி தண்ணீரைத் தொட்டதும் மல்டிமீட்டர் சத்தம் போடுகிற முறைதான் நல்லது.

சாணக் கணக்குக்கு ஆண்களிடம் கேட்டு எழுதிய தாளை எல்லாம் கிழித்துப் போட்டோம். "எட்டு மாடுங்க, சாணிக்கென்ன குறை" என்பார்கள். கட்டுத்தரை கூட்டுகிற அக்காவிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எட்டில் நாலு கன்று. பகலில் மேய்ச்சலில் போடுகிற சாணம் கட்டுத்தரைக்கு வராது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு லோடு விற்றுவிடுகிறார்கள். கூடையைத் தராசில் வைத்து மூன்று நாள் எடை போட்டோம், ஒரு நாளைக்கு 28 கிலோ. 2 கனமீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ வேண்டும். அந்த வீட்டுக்கு 1 கனமீட்டர் கலன்தான் சரி. அந்த அக்காவே சொன்ன இன்னொன்று எங்கள் படிவத்திலேயே இல்லை: "மட்டையெல்லாம் அடுப்புக்குத்தான் போகுது கண்ணு, மூடாக்குக்கு எங்க போறது?" எரிவாயு வந்தால்தான் அந்தத் தென்னை மட்டை மண்ணுக்கு வரும். மண்ணையும் அடுப்பையும் இணைக்கிற கேள்வி அது. "விறகாக எரிக்கும் மட்டை, மாதத்துக்கு எத்தனை" என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தோம்.

காகித வேலையைப் பற்றிக் கொஞ்சம். சிட்டாவில் (நில உரிமைப் பதிவு) தாத்தா பெயர், மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில், சாகுபடி செய்வது பேரன். 32 பேரில் 11 பேருக்கு இப்படி. அடங்கலில் (பயிர்ப் பதிவேடு) போன வருஷத்துப் பயிர் அப்படியே கிடந்தது. வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அளக்கும் வேலையை நிறுத்தாமல் செய்து, பெயர் மாற்றத்துக்கு மனு போட்ட ரசீதைத் தாளோடு இணைத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். இதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கடைசித் தாள் வாங்கப் போனது மோர் கொடுத்த பெரியவர் தோட்டத்துக்கு. ஹவர் மீட்டர் வேண்டாம் என்றவர். மோட்டார் ரூம் சுவரில் ஐந்து ஐந்தாகக் கட்டிய சாக்பீஸ் கோடுகள் கதவு வரைக்கும் வந்திருந்தன. எண்ணி எழுதி முடித்து, "கணக்கு முடிஞ்சுதுங்க, இனிமேல் போட வேண்டாம்" என்றேன். "இருக்கட்டும் தம்பி, அடுத்த மாசம் மூடாக்குப் போடறேன், குறையுதான்னு பாக்கோணுமல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் மேலிருந்து புதுச் சாக்பீஸை எடுத்தார்.