பிராக்ஸிக்குப் பின்னால் ஒரு டெபியன் மிரர்

எங்கள் ஆய்வகக் கணினிகளுக்கு நேரடி இணையம் கிடையாது. வெளியே போக ஒரே வழி வெப் பிராக்ஸி, அதாவது நமக்காக இணையத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் இடைக் கணினி. அதுவும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஓடும் 80, 443 ஆகிய போர்ட்டுகளுக்குத்தான் வழிவிடும். இந்த லட்சணத்தில் உள்ளே ஒரு டெபியன் மிரர், அதாவது டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்துக்கு ஓர் உள்ளூர் நகல், வேண்டும் என்றார்கள்.

மிரர் என்றாலே கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க்தான். ஆனால் அது ஓடுவது 873ஆம் போர்ட்டில். பிராக்ஸி வழியாக கனெக்ட் முறையில் (பிராக்ஸியைக் குழாய்போல் திறந்து வைத்து) அனுப்பவும் அதில் வசதி உண்டு. ஆனால் 443 தவிர வேறெதற்கும் கனெக்ட் கிடையாது என்று எங்கள் பிராக்ஸி கையை விரித்துவிட்டது. போர்ட்டைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லை. டெபியன் மிரர்களுக்கென்றே உள்ள டெப்மிரர் என்ற நிரலுக்கு மாறினேன்.

டெப்மிரர் எச்டிடிபியிலேயே இறக்கிக்கொள்ளும். முழுக் களஞ்சியம் பல டெராபைட் இருக்கும். எனக்குத் தேவை டெபியன் 12, ஏஎம்டி64 (64-பிட் பிசி) வகை, களஞ்சியத்தின் 'மெயின்' பகுதி மட்டும். மூலநிரலையும் விட்டுவிட்டேன். அப்படியும் ஓட்டினால் இடையில் அசையாமல் நின்றது. மெத்தட் எச்டிடிபி என்று சொன்ன பிறகும், 'டிரேஸ்' கோப்புகளை (மிரர் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற பதிவுகள்) மட்டும் அது ஆர்சிங்க்கில்தான் கேட்கும்! ஆர்சிங்க்-எக்ஸ்ட்ரா விருப்பத்தை 'நன்' என்று வைத்ததும் ஓட ஆரம்பித்தது. மேனுவலில் இருக்கிறதுதான், ஆனால் யார் அதுவரை படிக்கிறார்கள்?

அடுத்து ஹாஷ் (கோப்பின் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்ற பிழை. பிராக்ஸி தன் கேஷில் (சேமித்து வைத்த நகல்களில்) இருந்த பழைய ரிலீஸ் கோப்பையும் (பட்டியல்களின் ஹாஷ்களைச் சொல்லும் கையொப்பமிட்ட கோப்பு), புதிய பேக்கேஜஸ் கோப்பையும் (பொதிகளின் பட்டியல்) சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, டெப்மிரர் புதிய பட்டியல்களைத் தற்காலிக இடத்தில் சரிபார்த்த பிறகே பழையவற்றை மாற்றும். பழைய டெப் கோப்புகளை (பொதிகளை) அழிப்பதும் கடைசியில்தான், அதுவும் பிழை இல்லாதபோது மட்டும். அதனால் மிரரைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதும் கேஷ் தொல்லை தீர்ந்தது. உள்ளே என்ன போகிறது என்று பிராக்ஸிக்குத் தெரியாதே. (உங்கள் பிராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கமான டிஎல்எஸ்ஸையும் பிரித்துப் பார்க்கும் ரகமென்றால் இது உதவாது.)

பெரிய கோப்புகள் பாதியில் அறுந்தன. அதனால் பிழை தேட உதவும் பொதிகள் கொண்ட டீபக் பிரிவை விலக்கினேன். ஒன்று கவனிக்க வேண்டும்: விலக்கிய பொதிகளின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், ஏனென்றால் கையொப்பமிட்ட பட்டியலில் நாம் கை வைக்க முடியாது. யாராவது நிறுவப் போனால் 404 (கோப்பு இல்லை) என்று வரும். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் செக்யூரிட்டி களஞ்சியம் தனி மரம், அதைத் தனியாக ஓட்ட வேண்டும். அதன் ரிலீஸ் கோப்புக்கு ஒரு வாரம்தான் ஆயுள். இணைப்பு அதற்கு மேல் படுத்துவிட்டால் பொதிகளை நிறுவும் ஏப்ட் 'காலாவதி' என்று மறுத்துவிடும். அந்தச் சோதனையையே அணைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பட்டியலைப் புதியது என்று யாரும் நம் தலையில் கட்டாமல் இருக்கத்தானே அந்தச் சோதனை? அதனால் தினமும் இரவு கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரலில்) செக்யூரிட்டி முதலில் ஓடும், அப்புறம்தான் மற்றது.