பகல் நிறுவை

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கணக்கைச் சம்பளக் கணக்கோடு இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. மலையில் டிஜிட்டல் தராசு, கந்தோரில், அதாவது தோட்ட அலுவலகத்தில், செக்ரோல் எனும் வரவு, சம்பளப் பதிவேட்டு மென்பொருள். இரண்டுக்கும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவில் நிற்கும் மிடில்வெயார்தான் செய்தியை வாங்கி வடிவம் மாற்றிக் கொடுக்கும். எந்த விவரம், எந்த வரிசையில், எது கட்டாயம் என்பதையெல்லாம் சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பும், செய்தியின் அமைப்பை வரையறுக்கும் அதன் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவும் சொல்லும். இரு பக்கத்துக்கும் அதுதான் ஒப்பந்தம்.

காலை, பகல், மாலை என மூன்று நிறுவை. ஓர் உறுப்பு, அதாவது செய்தியில் ஒரு விவரத்துக்கான இடம், குறைந்தது எத்தனை முறை வரவேண்டும் என்று எழுதாவிட்டால் ஸ்கீமா அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும், அதாவது கட்டாயம். நான் எழுதவில்லை. பள்ளத்து மலையில் சிக்னல் இல்லாத நாட்களில் பகல் நிறுவை வந்து சேராது, அந்த ஆளின் முழுச் செய்தியும் சரிபார்ப்பில் தள்ளுபடியாகும். அதைத் தவிர்க்க, விவரம் இல்லாத இடத்தில் 0 போடும்படி உருமாற்றத்தில் ஒரு வரி சேர்த்தேன். பிழைகள் நின்றுவிட்டன.

சம்பளத்துக்கு மறுநாள் ஓர் அக்கா கந்தோருக்கு வந்தார். ஒரு நாளில் காலை 7 கிலோ, மாலை 6. ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும் என்பதால் அரைப்பேர் விழுந்திருந்தது. "தம்பி, பகலுக்கு நிறுத்த எட்டுக் கிலோ எங்க போச்சு?" என்று நிறுவை எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினார். என் அம்மாவும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றவர். நிறுவைத் துண்டுகளை முந்தானையில் முடிந்தே வைத்திருப்பார். அது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

எடை போட்டு 0 வந்தது வேறு, பகலில் ஆள் மலைக்கு வரவில்லை என்பது வேறு, எடை போட்ட விவரம் இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு. மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல ஸ்கீமாவில் வழி இருக்கிறது: முதலாவதற்கு 0, இரண்டாவதற்கு 'நில்' (nil, மதிப்பு இல்லை) அடையாளம், மூன்றாவதற்கு உறுப்பே இல்லாமை. அப்படியே மாற்றினேன். உறுப்பு இல்லாத நாளுக்குப் பேர் கணக்கிடாமல், கணக்கப்பிள்ளையின் பார்வைக்கு நிறுத்திவைக்கச் செய்தேன். பொருள் மாறிவிட்டதால், வடிவத்தை அடையாளம் காட்டும் பெயரான நேம்ஸ்பேஸையும் புதிதாக்கினேன், பழைய வடிவத்தில் வரும் செய்தி தெரியாமல் உள்ளே நுழையக்கூடாது. சம்பள மென்பொருள்காரர்கள் "ஒரு 0 தானே" என்றார்கள். துண்டைக் காட்டினேன்.

தராசு அனுப்பிய மூலச் செய்திகள் சேமிப்பில் இருந்தன. நான் நிரப்பிய 0 ஒவ்வொன்றையும் கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து துண்டுகளோடு ஒப்பிட்டோம். இரண்டு ஞாயிறு பிடித்தது. அந்த அக்காவுக்கு முழுப்பேர் விழுந்தது, இன்னும் சிலருக்கும்.