120 நிமிஷம், 40 மூவு: அரூர்ல இருந்து ஒரு செஸ் நாட்குறிப்பு

நவம்பர் 25, 2024, திங்கள்

குகேஷுக்கும் சீனாவோட டிங் லிரனுக்கும் உலக செஸ் சாம்பியன் மேட்ச் மத்தியானம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சுது, சிங்கப்பூர்ல அப்ப சாயங்காலம் அஞ்சு மணி. கடையில ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்துலயே மானிட்டர திருப்பி வச்சுட்டேன். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவரு "யாருப்பா அந்தப் பையன், இப்படி கண்ண மூடிட்டு உக்காந்திருக்கான்"னு கேட்டாரு. நம்ம சென்னைப் பையன்ங்கய்யா, உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆடறான், 18 வயசுதான்னு சொன்னேன். அவரு நகல வாங்கிட்டும் போகல, ஒரு அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போனாரு.

டைம் கன்ட்ரோல, அதாவது யோசிக்கக் குடுக்கற நேரக் கணக்க, முதல்லயே எழுதி வச்சுடறேன், இந்த மேட்ச்ல எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கப் போகுதுன்னு எனக்குத் தோணுது. முதல் 40 மூவுக்கு ஆளுக்கு 120 நிமிஷம். அதுக்குள்ள இன்கிரிமென்ட், அதாவது ஒரு மூவு வச்சா கூடற நேரம், ஒரு செகண்ட் கூட கிடையாது. 40 தாண்டினா 30 நிமிஷம் சேரும், 41ல இருந்து ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் கூடும். நம்ம ஊர் டோர்னமென்ட்ல எல்லாம் முதல் மூவுல இருந்தே இன்கிரிமென்ட் குடுத்துப் பழகிட்டோம், காய வச்சா கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். இங்க 39வது மூவுல ரெண்டு செகண்ட் இருந்தா ரெண்டே ரெண்டு செகண்டுதான்.

இன்னைக்கு குகேஷ் வெள்ளை. டிங் லிரன் பிரெஞ்ச் டிஃபென்ஸ்ங்கற ஓபனிங் ஆடி, 42 மூவுல ஜெயிச்சுட்டாரு. மனசு ரொம்ப கனமாத்தான் இருக்கு, ஆனா டிங்க நெனச்சா சந்தோஷமாவும் இருக்கு. 2023ல அஸ்தானாவுல நெப்போம்னியாச்சிய டைபிரேக்ல (ஸ்கோர் சமமானா ஆடற வேகமான ஆட்டத்துல) ஜெயிச்சு சாம்பியன் ஆன மனுஷன், அதுக்கப்புறம் மனசு சரியில்லாம, தூக்கம் இல்லாம கஷ்டப்பட்டத அவரே வெளிய சொல்லியிருக்காரு. இந்த வருஷம் பூரா தோத்துட்டே இருந்தாரு. "டிங் வந்து உக்காந்தாலே பெரிசு"ன்னு பேசினவங்க எல்லாருக்கும் முதல் ஆட்டத்துலயே பதில் குடுத்துட்டாரு.

நவம்பர் 27, புதன்

நேத்து 23 மூவுல டிரா. அத விடுங்க, இன்னைக்கு நடந்ததுதான் விஷயம்.

மூணாவது ஆட்டம், குகேஷ் வெள்ளை. ஓபனிங்ல குகேஷ் வீட்லயே போட்டுட்டு வந்த மூவுங்கள படபடன்னு வச்சுட்டே போறாரு, டிங் ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து யோசிக்கிறாரு, கிளாக்ல ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துடுச்சு. போர்டுல என்ன நடக்குதுன்னு புரியாதவங்களுக்குக் கூட அந்த ரெண்டு நம்பரப் பாத்தா புரிஞ்சிருக்கும். டிங்கோட பிஷப் எதிராளி பக்கம் போய் மாட்டிக்கிச்சு, அத விட்டுட்டு பதிலுக்கு ரெண்டு பான் (சிப்பாய்) எடுத்துச் சமாளிச்சாரு, அதுக்கப்புறமும் நல்லாத்தான் போராடினாரு. ஆனா மூவு எண்ணிக்கை 40ஐ தொடணுமே. 37வது மூவுலயே டைம் முடிஞ்சுது.

உலக சாம்பியன் டைம் அவுட். ஸ்கோர் ஒன்றரை, ஒன்றரை.

அண்ணன் பொண்ணு ஸ்கூல் விட்டு நேரா கடைக்குத்தான் வருவா, எட்டாவது படிக்கிறா, நல்லா ஆடுவா. போன வருஷம் சேலத்துல ஒரு போட்டியில ரூக் ஒண்ணு அதிகமா வச்சிருந்தும் டைம்ல தோத்துட்டு, திரும்பி வர்ற பஸ்ல வழியெல்லாம் அழுதுட்டே வந்தா. அவ கடைசி ரெண்டு நிமிஷம் பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல. அவளே கேட்டா, "சித்தப்பா, அவரு ஏன் அழல?"

ரூமுக்குப் போய் என்ன பண்ணியிருப்பாருன்னு நமக்குத் தெரியாது கண்ணுன்னேன். போர்டுல கைகுடுத்து, கையெழுத்து போட்டுட்டு, பிரஸ் மீட்ல வந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னாரு. இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு தடவையாவது டைம்ல தோத்தவங்களுக்குத்தான் தெரியும். நல்லா ஆடிட்டு ஒரு நம்பர் பூஜ்யம் ஆனதால தோக்கறது இருக்கே, அது வேற மாதிரி வலி. மோசமா ஆடித் தோத்தா நம்ம மேல கோவப்படலாம். இதுல யார் மேல கோவப்படறது?

டிசம்பர் 2, திங்கள்

ரெண்டு மூணு நாளா எழுத முடியல. நாலாவது, அஞ்சாவது ரெண்டும் டிரா. நேத்து ஆறாவது ஆட்டம் பாக்கும்போதே மழை பிடிச்சுடுச்சு.

ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்துச்சுன்னு சனிக்கிழமை நியூஸ்ல பாத்துட்டு நமக்கென்னன்னு படுத்தோம். நேத்து ராத்திரி அது நம்ம தலைக்கு மேலயே வந்து நின்னுடுச்சு. அரூர்ல 33 சென்டிமீட்டர். பக்கத்துல ஊத்தங்கரையில 50. பொறந்ததுல இருந்து இப்படி ஒரு மழைய இந்தப் பக்கம் பாத்ததே இல்ல, நம்ம ஊரு ராகிக்கே தண்ணி தேடற ஊரு. ஊத்தங்கரையில பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனு காரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு உருண்டு போற வீடியோ காலையில எல்லார் போன்லயும் ஓடுது. அங்க இருக்கற எங்க பெரியம்மா வீட்டுக்கு போன் போட்டு போட்டு பத்து மணிக்குத்தான் லைன் கெடச்சுது, எல்லாரும் மாடியில இருக்காங்க, நல்லா இருக்காங்க. கடைக்குள்ள முட்டிக்குக் கீழ வரைக்கும் தண்ணி. மெஷின மேஜை மேல ஏத்தி வச்சிருந்ததால தப்பிச்சுது, பேப்பர் கட்டுங்க போச்சு.

கரண்டு இல்ல. ஸ்கூல் லீவு. சிங்கப்பூர்லயும் இன்னைக்கு ரெஸ்ட் டே. அண்ணன் பொண்ணு பாப்பா மெழுகுவத்தி வெளிச்சத்துல போர்ட விரிச்சு நேத்து ஆட்டத்த அடுக்கினா. டிங் லண்டன் சிஸ்டம்ங்கற ஓபனிங், முதல் இருபது மூவ கடகடன்னு வச்சுட்டாரு, அவருதான் இந்த தடவை வேகம். நிலைமையும் அவருக்குத்தான் கொஞ்சம் சாதகம். நடுவுல ஒரே பொசிஷன் திரும்பத் திரும்ப வந்து டிரா ஆகற மாதிரி இருந்துச்சு, குகேஷ் விலகி ராணிய வேற பக்கம் கொண்டு போய் வச்சுட்டாரு. டிரா வேண்டாமாம். 46 மூவு ஆடி கடைசியில டிராதான் ஆச்சு.

பாப்பாவுக்கு இது புரியவே இல்ல. "நெலம சரியில்லாதப்ப டிரா கெடச்சா வாங்கிக்கணும்ல?" எனக்கும் ராத்திரி அப்படித்தான் தோணுச்சு. இப்ப இருட்டுல உக்காந்து யோசிச்சா வேற மாதிரி தெரியுது. அந்தப் பையன் போர்டப் பாத்து மட்டும் முடிவெடுக்கல. எதிர்ல உக்காந்திருக்கற மனுஷனுக்கு சீக்கிரம் எழுந்து ரூமுக்குப் போயிடணும்னு இருக்கு. அவர எழுந்திருக்க விடாம இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வைக்கணும்னு நெனச்சிருக்கான். 14 ஆட்டம் இருக்கே, இதெல்லாம் எங்கியோ போய் சேரும்.

டிசம்பர் 3, செவ்வாய்

கரண்டு வந்து வந்து போகுது. போன் டேட்டாவுலயே பாத்தேன்.

ஏழாவது ஆட்டம், 72 மூவு, அஞ்சு மணி நேரத்துக்கு மேல. குகேஷுக்கு ஜெயிக்கிற பொசிஷன் இருந்துச்சு. டிங் 40வது மூவ வைக்கறப்ப கிளாக்ல இருந்தது வெறும் சில செகண்டு, எனக்கு வயித்தப் பெசஞ்சுது. நம்ம பையன் ஜெயிக்கணும்னுதான் உக்காந்திருக்கேன், ஆனா அந்த செகண்டுங்க ஓடும்போது என் வாய்ல இருந்து "வைங்க, வைங்க"ன்னு டிங்குக்குத்தான் வந்துச்சு. எங்க அண்ணி திரும்பிப் பாத்தாங்க, நீங்க யாரு பக்கம்னு. 40 தாண்டி அரை மணி நேரம் கூடினதும் டிங் முகமே மாறிப் போச்சு, அதுக்கப்புறம் கல்லு மாதிரி டிஃபென்ட் பண்ணி டிரா எடுத்துட்டாரு.

டிசம்பர் 8, ஞாயிறு

எட்டு, ஒன்பது, பத்து மூணும் டிரா. டீக்கடையில "என்னங்கண்ணா உங்க செஸ்ஸு, தெனம் டிரா தெனம் டிரா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கறதால டீக்கடை அண்ணனையே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன், மனுஷன் முழுசா உக்காந்து பாத்தாரு.

பதினோராவது ஆட்டத்துல குகேஷ் ஒரே மூவுக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் யோசிச்சாரு. ஒரு மணி நேரம்! டீக்கடை அண்ணன் ரெண்டு தடவ போய் பால் காய்ச்சிட்டு வந்துட்டாரு, பையன் அப்படியே உக்காந்திருக்கான். நான் பதறிட்டேன், இருக்கறதே ரெண்டு மணி நேரம், அதுல பாதிய ஒரே இடத்துல கொட்டினா மிச்சத்த எப்படி ஆடறது? ஆனா டிங்கும் அதே மாதிரி எரிச்சுட்டாரு. ரெண்டு பேருக்கும் மூவு நெறைய பாக்கி, நேரம் கொஞ்சம்தான் பாக்கி, அப்ப 28வது மூவுல டிங் ராணிய தப்பான கட்டத்துல வச்சாரு, குகேஷ் ராணியக் குடுத்து அடிச்சாரு, டிங் அத எடுத்தா அவரோட ரூக் போயிடும். டிங் ரிசைன். 6-5. இந்த மேட்ச்ல மொத தடவையா குகேஷ் முன்னாடி.

மேல் வீட்டுப் பசங்க பட்டாசு வெடிச்சானுங்க.

டிசம்பர் 9, திங்கள்

6-6. டிங் இன்னைக்கு ஆடின ஆட்டம் தங்கம். இங்கிலீஷ் ஓபனிங், 39 மூவு, குகேஷுக்கு மூச்சு விட இடமே குடுக்கல. நேத்து அப்படித் தோத்துட்டு இன்னைக்கு வந்து இப்படி ஆட ஒரு மனுஷனுக்கு என்ன நெஞ்சு வேணும். அவர் முடிஞ்சுட்டாருன்னு எழுதினவங்க எங்க இருக்காங்கன்னு தெரியல.

டிசம்பர் 12, வியாழன்

நேத்து பதிமூணாவது 69 மூவு டிரா, டிங் ஒரே ஒரு மூவு தப்பியிருந்தாலும் அங்கயே முடிஞ்சிருக்கும், 31வது மூவுல ரூக்க சரியான எடத்துல வச்சுத் தப்பிச்சாரு. இன்னைக்கு கடைசி ஆட்டம். டிரா ஆனா நாளைக்கு ரேபிட் டைபிரேக், அதுல டிங்குக்குத்தான் சான்ஸ் அதிகம்னு எல்லாரும் சொன்னாங்க.

டிங் வெள்ளையா இருந்தும் காய்ங்கள எல்லாம் வேகமா மாத்திக்கிட்டு டிராவுக்கே போனாரு. ஒரு ரூக், ஒரு பிஷப், குகேஷ் பக்கம் ஒரு பான் அதிகம், அவ்வளவுதான். யாரா இருந்தாலும் கைகுடுத்துடுவாங்க. குகேஷ் குடுக்கல. ஆடிட்டே இருந்தாரு. மூலைக்கட்டத்துல டிங்கோட பிஷப் சும்மா நிக்குது, 55வது மூவு, டிங் ரூக்க நகத்தி ரூக்குக்கு நேரா வச்சாரு. நான் மொதல்ல கவனிக்கவே இல்ல. பாப்பாதான் "சித்தப்பா பிஷப்பு, பிஷப்பு"ன்னு கத்தினா. ரூக்கும் ரூக்கும் வெட்டு, அப்புறம் குகேஷோட பிஷப் எதிர்ல வந்து நின்னா மூலையில இருக்கறது தப்பிக்க வழியே இல்ல, அதுவும் வெட்டு, மிச்சம் பான் எண்ட்கேம், ஜெயிச்சாச்சு.

ஸ்கிரீன்ல குகேஷ் முகத்தப் பாத்தோம். கண்ணு விரிஞ்சுது, தண்ணி எடுத்துக் குடிச்சாரு, எழுந்து நடந்தாரு, திரும்ப வந்து உக்காந்தாரு. டிங் கைகுடுத்ததும் பையன் முகத்த மூடிட்டு அழ ஆரம்பிச்சான். 58 மூவு, ஏழரை ஆறரை. 18 வயசுல உலக சாம்பியன், காஸ்பரோவ் 1985ல ஆனப்ப 22.

அழுதுட்டே காய்ங்கள ஒண்ணொண்ணா எடுத்து ஆரம்ப எடத்துல வச்சாரு பாருங்க, அதுலதான் எனக்கும் தாங்கல. 2013ல சென்னையில ஆனந்தும் கார்ல்சனும் ஆடினப்ப, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்த ஏழு வயசுப் பையன் இவன். வெளிய அப்பா நடந்துட்டே இருந்தாராம், வேலைய விட்டுட்டு பையன் கூடவே ஊர் ஊரா போன டாக்டரு, கட்டிப் பிடிச்சுட்டு நின்னாங்க.

அம்மா கேசரி கிண்டினாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு தெருவுல ஒரு வீடு விடாம குடுத்தோம்.

டிசம்பர் 14, சனி

ரெண்டு நாளா ஒரே பேச்சு, "அந்த சைனாக்காரரு தப்பு பண்ணினாரு, அதனால ஜெயிச்சான்." முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கே, சின்னப் புள்ளத் தப்பால பட்டம் முடிவாயிடுச்சு, நமக்குத் தெரிஞ்ச செஸ் இதோட முடிஞ்சுதுங்கற மாதிரி எழுதியிருக்காரு. எனக்கு நெஜமாவே கோவம் வருது. அந்த 55வது மூவ மட்டும் வெட்டி எடுத்துப் பாத்தா பாப்பா கூட அத வைக்க மாட்டா. ஆனா டிங் அந்த மூவ மட்டுமா ஆடினாரு? மூணாவது ஆட்டத்துல டைம் போனது, ஏழாவதுல அஞ்சு மணி நேரம் உசுரக் கையில பிடிச்சுட்டு உக்காந்தது, முந்தின நாள் 69 மூவு, எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் அந்த நாற்காலியில உக்காந்தாரு. ஒவ்வொரு நாளும் டிரா குடுக்காம அந்த பாரத்த ஏத்தினது யாரு? ஆறாவது ஆட்டத்துல விலகி வச்ச அந்த ராணி மூவுக்கு பலன் பதினாலாவதுல கெடச்சுது. இத அதிர்ஷ்டம்னு சொல்றவங்க முழு மேட்ச்சும் பாக்கலன்னுதான் அர்த்தம்.

டிங் பத்தியும் ஒண்ணு சொல்லணும். தோத்த அன்னைக்கு ராத்திரியே வந்து உக்காந்து, இந்த வருஷத்துல நான் ஆடின போட்டியில இதுதான் நல்லா ஆடின போட்டி, வருத்தம் இல்லன்னு சொன்னாரு. குகேஷும் ஜெயிச்ச கையோட டிங்க உண்மையான சாம்பியன்னு மேடையில சொன்னாரு. இத எங்க தெரு பசங்க எல்லாரையும் உக்கார வச்சு பாக்க வச்சேன்.

பாப்பா இப்ப ஒரு பழக்கம் புடிச்சிருக்கா, ஸ்கோர் ஷீட்ல ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்துலயும் கிளாக்ல மிச்சம் இருக்கற நிமிஷத்த எழுதறா. இன்னைக்கு என் கூட ஆடினதுல 14வது மூவுக்கு 11 நிமிஷம் எடுத்திருக்கா. ஏன் அங்க அவ்வளவு நேரம்னு கேட்டா, "பயமா இருந்துச்சு"ன்னா. எதுக்குப் பயம்னு கேட்டேன், போர்டத் திருப்பி அந்தப் பொசிஷன அடுக்கிக் காட்டினா. என் குதிரை வர்ற வழிய அவ பாத்திருக்கா, நான் பாக்கவே இல்ல. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் தருமபுரியில போட்டி இருக்குன்னு சொல்றாங்க, பேரு குடுத்தாச்சு.