அம்மாவின் ஆபரேஷனும் தசைத் தளர்ச்சி மருந்தும்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். கடலூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷனைப் பற்றி அம்மாவுக்குப் பயமில்லை, பயமெல்லாம் மயக்க மருந்து மேல்தான். பிரஷர் உண்டு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் கொஞ்சம் கூடுதல். போதாததற்குத் தெருவில் ஆளாளுக்கு, "மயக்க மருந்து நரம்பை வாங்கிடும்" என்று கிளப்பிவிட்டிருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்க வேண்டும். வெறும் கையெழுத்து வேலை என்று பலர் அவசரப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய இடமே அதுதான்.

டாக்டரம்மா முதலில் கேட்டது: "வீட்ல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆச்சா?" மயக்கத்தோடு சேர்த்துத் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாம். சில நிமிடங்களில் விலக வேண்டிய தளர்ச்சி அவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். எங்கள் சித்திக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன மறுநாள் கழுத்து, முதுகெல்லாம் வலித்ததைச் சொன்னேன். அதுவும் இதே மருந்தால் இருக்கலாம் என்றார். தளர்வதற்கு முன் தசைகள் ஒரு தரம் துடித்து அடங்கும். அந்த வலி சில நாளில் போய்விடும்.

அம்மாவுக்கு அவர் யோசித்தது அட்ராகூரியம் என்ற வேறொரு தசைத் தளர்ச்சி மருந்து. சிறுநீரகத்தை நம்பியிராமல், உடம்புச் சூட்டிலேயே தானாக உடையும். வேகமாக ஏற்றினால் உடம்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்பட்டு முகம் சிவந்து பிரஷர் இறங்கலாம், அதனால் மெதுவாகத்தான் கொடுப்பார்கள். பாங்குரோனியம் என்ற பழைய மருந்து நேர் எதிர், நாடியையும் பிரஷரையும் ஏற்றும். தூங்க வைக்கும் ப்ரோபோஃபாலே பிரஷரை நன்றாக இறக்கும் என்பதால், பிரஷர் மாத்திரைகளில் டெல்மிசார்டனை அன்று காலை நிறுத்தி, அம்லோடிபினை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொன்னார். (இது அம்மாவுக்குச் சொன்னது. உங்கள் மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

அப்புறம் நரம்பு. நரம்பும் தசையும் சேரும் இடத்தில், நரம்பின் செய்தியைத் தசைக்குச் சொல்லும் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய சீட்டில் இந்தத் தளர்ச்சி மருந்து துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறது. எழுந்து போனதும் எல்லாம் பழையபடி; நரம்பு அப்படியே இருக்கும். என் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் அழுத்திக் காட்டினார். அங்கே நரம்பில் நான்கு முறை லேசான மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் நான்கு முறையும் குறையாத பலத்தோடு துடிக்கிறதா என்று பார்த்துதான் மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைத்த குழாயை எடுப்பார்களாம்.

ஆபரேஷன் முடிந்து அம்மா பேசிய முதல் பேச்சு, "நாக்கு ஒட்டிக்குதுடா." தளர்ச்சி மருந்தை முறிக்கும் நியோஸ்டிக்மின் இதயத் துடிப்பைக் குறைக்கும், அதற்கு ஈடாகச் சேர்க்கும் கிளைகோபைரோலேட் வாயை உலர்த்தும் என்றார்கள். தசையில் பலம் திரும்பிவிட்டதா என்று பார்க்க நர்ஸ் தலையைத் தூக்கச் சொன்னார். அவர் ஐந்து எண்ணும்வரை அம்மா தூக்கியபடியே இருந்தார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பெயர்களைக் கேட்டு எழுதி வாங்கினேன். சித்தியின் பழைய ஃபைலையும் பரணில் தேடச் சொல்லியிருக்கிறேன்.