சாமி கும்பிடுகிறான் என்றுதான் நினைத்தோம்

அவனுக்கு அப்போது ஐந்து மாதம். தூங்கி எழுந்ததும் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து, தலையைக் குனிந்து, ஒரு நொடி விறைத்துப்போவான். பிறகு தளர்வான். பத்து நொடி கழித்து மறுபடியும். இப்படி இருபது முறை, சில நாள் முப்பது முறை. "பிள்ளை சாமி கும்பிடுது பார்" என்று அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் போனில் ஒரு வீடியோவாக இருக்கிறது.

ஒவ்வொரு கும்பிடுக்கும் பிறகு அழ ஆரம்பித்தபோதுதான் வீட்டில் பேச்சு மாறியது. உரம் விழுந்திருக்கும் என்றார்கள். பக்கத்துத் தெருப் பாட்டி வந்து புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து எங்கள் ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து எழுதினார்கள். டாக்டர் முன்னால் இவன் ஒன்றுமே செய்யமாட்டான், சமர்த்தாக ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அடுத்த வாரம் போனதற்கு, பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டச் சொன்னார்கள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இருக்கிறது.

அதற்குள் அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, கூப்பிட்டால்கூட எங்கேயோ பார்த்தான். எடை பார்க்க வீட்டுக்கு வந்த கிராம சுகாதார நர்சம்மாவிடம் பேச்சோடு பேச்சாக வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இதை வயித்து வலின்னு விட்றாதீங்க. நாளைக்கே எழும்பூர் போங்க" என்றார்.

விழுப்புரத்தில் விடியற்காலை ரயில் ஏறினோம். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஓ.பி. சீட்டு, வரிசை, காத்திருப்பு எல்லாம் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இருப்பதுதான். நரம்பியல் பிரிவில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீடியோ இருக்காம்மா?"

கொடுத்தேன். அறை முழுக்க எங்கள் சிரிப்புச் சத்தம். சத்தத்தைக் குறைக்க அவசரமாக விரலை நீட்டினேன். "இருக்கட்டும்மா" என்று சொல்லி, இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார். இது ஒரு வகை ஃபிட்ஸ், கைகால் வெட்டி இழுத்தால்தான் ஃபிட்ஸ் என்றில்லை, இன்றைக்கே அட்மிட் ஆகவேண்டும் என்றார்.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி. "பிறந்த முதல் மூணு நாள் பால் எப்படிக் குடிச்சான்?"

பிறக்கும்போது 2 கிலோ 100 கிராம். எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. மூன்றாம் நாள் துவண்டு கிடந்தான். சுகர் ரொம்ப இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை ஒரு பழைய கதையாகத்தான் வைத்திருந்தேன். டாக்டரம்மா அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

அன்று தூக்க மருந்து கொடுத்து ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். மூளையின் மின்னோட்டம் ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக இருக்கிறது, அதற்கு ஹிப்ஸரித்மியா என்று பெயர் என்றார்கள். இருட்டறையில் ஊதா விளக்கு அடித்து உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று தேடினார்கள். தோலில் அப்படி இருந்தால் காரணம் வேறாக இருக்குமாம். இவனுக்கு இல்லை. எம்.ஆர்.ஐ.க்கு நாலு மணி நேரம் பால் கொடுக்கக்கூடாது. அந்த நாலு மணி நேரம் என் பால் வாசம் தெரியாமல் இருக்க அவனை என் கணவர் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார், நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேனில் மூளையின் பின்பக்கம் இரண்டு பக்கமும் தழும்பு. சுகர் இறங்கியதில் வந்தது. பார்வையைப் புரிந்துகொள்கிற பகுதி அதுதான். "கண்ணு நல்லா இருக்கும்மா. கேமரா சரி, பிரிண்ட் போடுற இடத்துலதான் கோளாறு" என்று சொன்னார்கள். அவன் ஏன் என்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இரவு வார்டில் என் கணவர் போனில் தேடிக்கொண்டே இருந்தார். 1841-ல் இங்கிலாந்தில் வெஸ்ட் என்ற டாக்டர், தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பற்றி லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த நோய்க்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தக் காலத்தில் சலாம் வலிப்பு என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சலாம் என்றதைத்தான் அத்தை கும்பிடு என்றிருக்கிறார்.

மருந்து இரண்டு வகை என்று விளக்கினார்கள். விகாபாட்ரின் சில பேருக்குப் பார்வையின் ஓரத்தைக் குறைத்துவிடலாம்; இவனுக்கு ஏற்கெனவே பார்வைச் சிக்கல். அதனால் முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. அதை ஆரம்பிக்கும் முன் டி.பி. இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பொடித்து, பாலில் கரைத்து, சங்கில் புகட்டவேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். ஒரு நோட்டு போடச் சொன்னார்கள்: தேதி, எத்தனை தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் எத்தனை கும்பிடு. ('கும்பிடு' என்றேதான் எழுதினேன். டாக்டரம்மாவும் அப்படியே படிப்பார்.)

ஸ்டீராய்டு நாட்களைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓயாத பசி. ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழுகை, எந்த மடியிலும் அடங்கமாட்டான். பி.பி. பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கைக்குழந்தைக்கான சின்னப் பட்டை இல்லை. அதற்காக வாரா வாரம் பஸ் ஏறினோம். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இப்பதான் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, என்ன குடுக்கறே?" என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் நோட்டில் பூஜ்யம் எழுதினேன். பத்தாம் நாளும். நம்பவில்லை. தூக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி ஈ.ஈ.ஜி. தலையில் எண்ணெய் கூடாது, ராத்திரி லேட்டாகத் தூங்கவைத்துச் சீக்கிரம் எழுப்பவேண்டும், வழியில் தூங்கவிடக்கூடாது. ரயிலில் நான் அவன் காதைத் தடவி, பாதத்தைச் சுரண்டி விழிக்கவைத்துக்கொண்டிருக்க, எதிர் சீட்டு அம்மாள் "ஐயோ, பச்சைப்பிள்ளையைத் தூங்க விடேம்மா" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மடியில் போட்டு ஆரிராரோ பாடத் தொடங்கியதும் நான் பிடுங்காத குறை. ஆஸ்பத்திரியில் தலைத்துணியை எடுத்தால் உச்சியில் பளபளவென்று எண்ணெய். உச்சிக்கு எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்ப அத்தைக்கு மனம் வரவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு அலசினேன். அதில் தூக்கம் முழுக்கக் கலைந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தூங்கினான்.

தாறுமாறு அடங்கியிருந்தது. ஃபிட்ஸ் நின்றுவிட்டது, தழும்பு போகாது, இரண்டையும் சேர்த்துத்தான் இனி பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே பயிற்சி தருபவர் சொன்னபடி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அட்டை, மஞ்சள் பந்து, ஜிகினாத் தாளில் டார்ச் வெளிச்சம் என்று தினமும் அரைமணி நேரம். ஒரே சமயத்தில் ஒரே பொருள், பின்னால் வெறும் கறுப்புத்துணி. நாலாவது மாதம் மஞ்சள் பந்தைக் கண்ணால் தொடர்ந்தான். என் முகத்துக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதுவும் நான் மஞ்சள் புடவை கட்டியிருந்த நாளில்.

இப்போது இரண்டரை வயது. யாரும் பிடித்துக்கொள்ளாமலே உட்காருகிறான். நிற்கவைத்தால் நிற்கிறான். ஒரு வலிப்பு மருந்து ஓடுகிறது. நோட்டு மூன்றாவது. அடுத்த மாதம் மறுபடி ஈ.ஈ.ஜி. இருக்கிறது, முதல் நாள் ராத்திரியே எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடப்போகிறேன்.