குமாரமங்கலத்திலிருந்து ஜகார்த்தா வரை

சேலத்தில் படித்த நமக்கு ராஜாஜியைத் தெரியாமல் இருக்காது. டாக்டர் ப. சுப்பராயன் என்றால், "முதல் மந்திரியாக இருந்தவர்தானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சங்க மலரில் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

குமாரமங்கலம் ஜமீன்தார் அவர். திருச்செங்கோட்டுச் சீமை அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1926 சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தது. கவர்னர் கோஷன், கட்சி சாராத சுப்பராயனை அழைத்தார். 34 நியமன உறுப்பினர்களின் தயவில்தான் மந்திரிசபை நின்றது.

அது மாகாண அதிகாரத்தை மந்திரிகளும் கவர்னரும் பிரித்து வைத்திருந்த இரட்டையாட்சிக் காலம். விவசாயம், கூட்டுறவு, கல்வி, சுகாதாரம் மந்திரிகளிடம். நிலவரி, பாசனம், போலீஸ், நிதி கவர்னரின் நிர்வாக சபையிடம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் கிணறு வெட்ட நினைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாறை பூமி, வெடி வைக்காமல் ஊற்று காண முடியாது, செலவோ கையைக் கடிக்கும். விதைக்கு வேளாண் துறை, அது மந்திரிக்குக் கீழே. கூட்டுறவுச் சங்கக் கடனும் அப்படியே. தக்காவிக் கடன், அதாவது சர்க்கார் நேரடியாகக் குடியானவருக்குக் கொடுக்கும் கடன் என்றால் தாசில்தாரிடம் மனுப் போட வேண்டும். வருவாய்த் துறை மந்திரி சொல் கேட்காது. ஏரி மதகு பழுதானாலும் அதே கதைதான். மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை நம் ஜில்லாவிலேயே எழும்பியது. விவசாயத்துக்குப் பொறுப்பான மந்திரிக்கு அதன் மேல் அதிகாரம் கிடையாது. புதுத் திட்டம் எதுவானாலும் நிதித் துறையின் சம்மதம் இல்லாமல் நகராது. விதை ஒருவரிடம், தண்ணீர் இன்னொருவரிடம் என்றிருந்தால் வெள்ளாமை எப்படி விளங்கும்?

1928இல், இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய சைமன் குழு விவகாரத்தில் சக மந்திரிகள் இருவரும் விலகினார்கள். இவர் 1930 வரை தாக்குப்பிடித்தார். புதிதாகச் சேர்ந்த முத்தையா முதலியாரால் அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தது.

கையில் முழு அதிகாரம் இல்லாமலே காரியம் நடத்திப் பழகியவரைத் தூதராக அனுப்பியது பொருத்தம் என்றே சொல்வேன். தூதர் யாருக்கும் உத்தரவு போட முடியாது. முதலில் பெயரை ரகசியமாக அனுப்பி அந்த நாட்டின் இசைவைப் பெற வேண்டும். போய் இறங்கியதும் நியமனப் பத்திரத்தை நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுத்த பிறகே முழு அந்தஸ்து. இந்தோனேசியாவுக்கு 1949 டிசம்பரில்தான் டச்சுக்காரர்கள் ஆட்சியுரிமையை ஒப்படைத்தார்கள். அங்கே இந்தியத் தூதராக 1951 வரை இருந்தார் சுப்பராயன். அந்த ஆண்டு மார்ச்சில் இரு நாட்டு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிறகு மத்தியில் போக்குவரத்து அமைச்சர். 1962இல் மகாராஷ்டிர ஆளுநர். (1938 முதல் 1946 வரை கிரிக்கெட் வாரியத் தலைவரும் இவரே, நம் ஆட்டக்காரர்கள் கவனிக்க.)

1938இல் ராஜாஜி ஆட்சி 125 பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது கல்வி மந்திரி சுப்பராயன். 1956இல் மத்திய அரசின் ஆட்சிமொழிக் குழுவின் அறிக்கை வந்தபோது, சக உறுப்பினரான வங்க மொழியியலாளர் சுநீதி குமார் சாட்டர்ஜியைப் போலவே, ஹிந்தியை அவசரமாகத் திணிப்பதற்கு எதிராக மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தவரும் அவரே. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.