பாரிஸைக் காட்டும் நாவல்கள்

பாரிஸ் என்றதும் காதலர்களையும் ஈஃபிள் கோபுரத்தையும் மட்டுமே நினைப்பவர்களுக்கு, அந்தக் கோபுரம் எழும்புவதற்கு முன்பே எழுதப்பட்ட சில நாவல்களைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் எமில் ஸோலா 1873இல் எழுதிய 'பாரிஸின் வயிறு'. தீவுச் சிறையிலிருந்து தப்பி வந்த ஃப்ளோரான், பசியில் மயங்கி, விடியலுக்கு முன் காய்கறி வண்டியொன்றில் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவே படுத்தபடி நகருக்குள் நுழைகிறான். அங்கிருந்து லே ஆல் சந்தையின் மீனும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அவற்றின் நாற்றத்தோடு பக்கங்களை நிறைக்கின்றன. பசியோடு படிக்க வேண்டாம். வயிறு நிறைந்தும் படிக்க வேண்டாம். அச்சந்தை இயங்கிய இரும்புக் கூடங்களை 1970களின் தொடக்கத்தில் இடித்துவிட்டதால், இன்று அச்சந்தையை இந்நாவலில்தான் சுற்றிப் பார்க்க இயலும்.

பால்ஸாக்கின் 'கோரியோ தாத்தா' (1835) எனக்கு இதைவிட நெருக்கமானது. சேமியா வியாபாரத்தில் பணம் சேர்த்த கோரியோ, இரு மகள்களுக்கும் அள்ளிக் கொடுத்துக் கொடுத்தே, தங்கும் விடுதியில் வாடகை குறைந்த மேல்மாடி அறைக்குப் படிப்படியாக ஏறிப்போகிறார்.

பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தை மையமாகக் கொண்ட விக்தோர் யூகோவின் 'நோத்ர் தாம்' (1831) பலருக்கும் தெரிந்ததே. கட்டடக்கலை அத்தியாயங்களில் சற்றுப் பொறுமை தேவை.